வீட்டுக் குளத்து அருவிக்கு எவ்வளவு பெரிய பம்பு?

கொல்லைப்புறத்துச் சிறு குளத்தில் அருவி அமைக்கும்போது பம்பின் அளவை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழ வேண்டும் என்பது முதல் எண். அந்தத் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரமும், வழியில் குழாய் கொடுக்கும் தடையும் சேர்ந்தது இரண்டாவது எண். கடைகளில் இதை ஹெட் என்பார்கள். எத்தனை எச்.பி. என்ற கேள்வி இவ்விரண்டும் தெரிந்த பிறகே வர வேண்டியது. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் மோட்டார் வாங்கிப் பழகிய வீடுகளில் பேச்சு எச்.பி.யிலிருந்தே தொடங்குகிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் 10, 20 மீட்டர் உயரத்துக்கென்று செய்யப்பட்டது. வீட்டுக் குளத்து அருவிக்கு வேண்டிய உயரம் பெரும்பாலும் 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. இங்கே தேவைப்படுவது குறைந்த உயரத்துக்கு நிறையத் தண்ணீரைத் தள்ளும் பம்பு.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அருவியின் விளிம்பு. நிறைந்த ஏரியில் கலிங்கின் மேல் தண்ணீர் வழியும்போது என்ன நடக்கிறதோ, அதே இயற்பியல்தான் முப்பது சென்டிமீட்டர் அகலக் கடப்பைக் கல்லின் மேலும் நடக்கிறது. விளிம்பின் அகலமும், அதன் மேல் நிற்கும் தண்ணீரின் உயரமும் தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில், துணி ஆலைகளை ஓட்டிய கால்வாய்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் பிச்செனோ பிரான்சிஸ் என்ற பொறியாளர், பெரிய அளவில் சோதனைகள் செய்து 1855-இல் இதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். மீட்டர் அளவில் எழுதினால், விளிம்பின் அகலத்தைத் தண்ணீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கி, அதை 1.84 ஆல் பெருக்க வேண்டும். விடை ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். இது கூர்மையான விளிம்புக்கு உரியது. தட்டையான அகலக் கல்லாக இருந்தால் 1.84 என்ற எண் 1.7 அளவுக்குக் குறையும். உயரத்தை அளக்க வேண்டியது விளிம்பின் நுனியில் அல்ல, சற்றுப் பின்னால். நுனிக்கு வரும்போதே தண்ணீர் வேகம் பிடித்து மெலிந்துவிடுகிறது.

சூத்திரத்தில் உள்ள ஒன்றரை அடுக்கு பலரையும் ஏமாற்றக்கூடியது. 30 செ.மீ. அகல விளிம்பில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க மணிக்குச் சுமார் 2,000 லிட்டர் போதும். அதையே 2 செ.மீ. ஆக்க 4,000 லிட்டர் போதாது. ஏறத்தாழ 5,600 லிட்டர் வேண்டும். உயரம் இரட்டித்தால் நீரளவு 2.8 மடங்காகிறது. தோற்றத்தில் தெரியும் சிறிய முன்னேற்றத்துக்குப் பம்பு பெரிதும் வளர வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். அமெரிக்கக் குளம் அமைப்பவர்களிடையே ஒரு அங்குல அகலத்துக்கு மணிக்கு 100 கேலன் என்றொரு நடைமுறை விதி உண்டு. நம் அளவில் அது ஒரு செ.மீ. அகலத்துக்கு மணிக்கு 150 லிட்டர். 30 செ.மீ. விளிம்புக்கு 4,500 லிட்டர் வருகிறது. பிரான்சிஸ் கணக்குப்படி அது 1.7 செ.மீ. உயரத் தண்ணீர். நல்ல நிறைவான அருவி இது. பாறையில் வழிந்து சலசலத்தால் போதும் என்றால் இதில் பாதி போதும். இரைச்சலோடு கொட்ட வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு.

பாதிக்கும் கீழே இறங்கினால் வேறொரு சிக்கல் எழுகிறது. தண்ணீர் விளிம்பை விட்டுப் பிரிந்து விழாமல் கல்லின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடிச் சுவரை நனைக்கும். கெண்டியிலிருந்து தேநீரை மெதுவாக ஊற்றினால் அது மூக்கோடு ஒட்டி வழியும் அல்லவா, அந்த நிகழ்வுதான். இயற்பியலில் இதற்குத் தேநீர்க் கெண்டி விளைவு என்றே பெயர். இதை ஆராய்ந்த ஜோசப் கெல்லர், வளைவைச் சுற்றித் திரும்பும் நீரில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால் வெளிக்காற்று நீரை மூக்கோடு அழுத்திப் பிடிக்கிறது என்று 1957-இல் விளக்கினார். வேகமாகவும் கனமாகவும் வரும் நீர் இந்தப் பிடியிலிருந்து தப்பிவிடுகிறது, மெல்லிய படலம் சிக்கிக்கொள்கிறது. பெரிய பம்பு வாங்காமலே இதைத் தீர்க்க முடியும். சன்ஷேடின் அடிப்பக்கத்தில், மழைநீர் சுவருக்கு ஓடாமல் இருக்கக் கொத்தனார் விளிம்பையொட்டிக் கீறும் சிறு பள்ளத்தை அருவிக் கல்லின் அடியிலும் வெட்டிவிட்டால் தண்ணீர் அங்கேயே அறுந்து விழும். மழுங்கிய விளிம்பைக் கூராகச் செதுக்குவதும், கல்லைச் சுவரிலிருந்து சில அங்குலம் வெளியே நீட்டி வைப்பதும் உதவும்.

விளிம்பின் மட்டமும் அதே அளவுக்கு முக்கியம். 6 மி.மீ. உயரத் தண்ணீர் வழியும் ஒரு கல்லில் இடது ஓரம் வலது ஓரத்தைவிட 5 மி.மீ. தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். இடது ஓரத்தில் எட்டரை மில்லிமீட்டர், வலது ஓரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும். ஒன்றரை அடுக்கின் விளைவாக இடப்பக்கம் வலப்பக்கத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தண்ணீரை வாங்கிக்கொள்ளும். பார்வைக்கு அருவி ஒரு மூலையில் மட்டும் ஒழுகுவதாகத் தெரியும். இதைப் பம்பின் குறை என்று எண்ணி அடுத்த அளவுப் பம்பை வாங்குகிறவர்கள் உண்டு. ரசமட்டம் வைத்துக் கல்லைச் சரியாகப் பதித்திருந்தால் அந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது. நீரளவு போதவில்லை என்றால் விளிம்பின் இரு பக்கமும் கல்லை நெருக்கி வைத்து அகலத்தைக் குறைப்பதும் நல்ல வழி: 30 செ.மீ. விளிம்பை 20 செ.மீ. ஆக்கினால் அதே 4,500 லிட்டர், 1.7 செ.மீ.க்குப் பதிலாக 2.3 செ.மீ. உயரத்தோடு விழும்.

எந்தத் தோற்றம் பிடிக்கிறது என்பதை எண்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கல்லைத் தற்காலிகமாக நிறுத்தி, தோட்டக் குழாய்களை அதன் பின்னால் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. குழாய் கொடுக்கும் நீரை அளக்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி 16 நொடியில் நிறைந்தால் அது மணிக்கு 4,500 லிட்டர். வீட்டுக் குழாய் ஒன்று பொதுவாக நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர்தான் தரும்; அதாவது மணிக்கு 600 முதல் 900 லிட்டர். இவ்வளவு சிறிய ஓட்டம் முழு அகலத்தில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதைவிட, கல்லின் மேல் இரு சிறு கற்களை 5 செ.மீ. இடைவெளியில் வைத்து அதன் வழியே விட்டுப் பார்ப்பது மேல். அந்த 5 செ.மீ.யில் தெரியும் கனத்தை 30 செ.மீ.க்கு விரித்தால் ஆறு மடங்கு நீர் வேண்டும் என்று கணக்கு நேரடியாக வந்துவிடும்.

ஓசையும் இந்தச் சோதனையிலேயே ஓரளவு தெரியவரும். விழும் நீரின் இனிய ஒலி நீரில் சிக்கும் காற்றுக் குமிழிகள் அதிர்வதால் எழுகிறது என்பதை டச்சு அறிவியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்கு 3,000-க்கும் சற்று அதிகமான முறை அதிர்கிறது. குமிழி பெரிதானால் சுருதி இறங்குகிறது. மெல்லிய படலம் கீச்சென்றும் கனத்த அருவி அடிக்குரலிலும் ஒலிப்பது இதனால்தான். படுக்கையறை ஜன்னலுக்கு அருகே அருவி வைப்பவர்கள் நீரளவோடு விழும் உயரத்தையும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

மீன் வளர்க்கும் குளமானால் இன்னொரு அளவுகோலும் சேர்கிறது. குளத்து நீர் முழுவதும் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பு வழியே சுற்றி வர வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள குளத்தில் 3,000 லிட்டர் பிடிக்கும். ஓரங்கள் சரிவாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். இத்தகைய குளத்துக்கு மணிக்கு 1,500 முதல் 3,000 லிட்டர் சுழற்சி போதும், எனவே அருவிக்கான 4,500 லிட்டரே மேலோங்கி நிற்கிறது. பெரிய குளத்தில் சிறிய அருவி வைக்கும்போது நிலைமை தலைகீழாகும். இரண்டில் எது பெரியதோ அதையே பம்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லியும் தாமரையும் சலனமில்லாத நீரையே விரும்புகின்றன, இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெறித்தால் அழுகத் தொடங்கும்; அவற்றை அருவியிலிருந்து எட்டி வைக்க இடமில்லாத குளத்தில் நீரளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

இனி ஹெட். இதன் முதல் பகுதி செங்குத்து உயரம்: குளத்து நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளிவரும் உச்சி வரை. பம்பு கிடக்கும் தரையிலிருந்து அளக்கக் கூடாது. நீருக்குள் 60 செ.மீ. ஆழத்தில் பம்பு இருந்தால், சுற்றியுள்ள நீரின் அழுத்தமே குழாயில் உள்ள நீரை வெளி நீர்மட்டம் வரை உயர்த்திவிடுகிறது. அதற்கு மேல்தான் பம்பு உழைக்க வேண்டும். பம்பை ஆழத்தில் வைப்பதால் மின்சாரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இரண்டாவது பகுதி குழாய்க்குள் ஏற்படும் உராய்வு. வீட்டுக் குளங்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான், அதிகம் கெடுப்பதும் இதுதான். ஒரே அளவு நீர் போகும்போது, குழாயின் உள்விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகிறது. விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக அது மாறுவதே காரணம். மணிக்கு 4,500 லிட்டரை 6 மீட்டர் நீள வழவழப்பான குழாயில் அனுப்புவதாகக் கொண்டால், 40 மி.மீ. உள்விட்டத்தில் இழப்பு 18 செ.மீ. அளவில் நிற்கும். 32 மி.மீ. என்றால் அரை மீட்டர். 25 மி.மீ., அதாவது ஒரு இன்ச் குழாய் என்றால் 1.7 மீட்டர். எல்போக்கள் தனி. மூன்று எல்போக்களும் குழாயின் வாயும் சேர்ந்து 40 மி.மீ. குழாயில் இன்னும் 19 செ.மீ. இழக்க வைக்கும், ஒரு இன்ச் குழாயில் 1.2 மீட்டர். உச்சி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 40 மி.மீ. குழாயோடு மொத்த ஹெட் 1.4 மீட்டர், ஒரு இன்ச் குழாயோடு 3.9 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் அருவி ஒன்றேதான், ஆனால் இரண்டாவது அமைப்புக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் தேவை. குழாயில் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய், பம்பு ஓடும் ஒவ்வொரு மாதமும் மின்கட்டணமாகத் திரும்பி வருகிறது.

குழாய் வாங்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். பாசனத்துக்கும் குடிநீருக்கும் விற்கும் பி.வி.சி. குழாய்களில், ஐ.எஸ். 4985 தரநிலைப்படி, பெயரில் உள்ள அளவு வெளிவிட்டம். 40 மி.மீ. குழாய் என்று கேட்டு வாங்கினால் உள்விட்டம் 36 மி.மீ. அளவில்தான் இருக்கும், 40 மி.மீ. உள்விட்டம் வேண்டுமானால் அடுத்த அளவான 50 மி.மீ. குழாய்க்குப் போவதே சரி. மற்றொன்று, உட்பக்கமும் வளையம் வளையமாக இருக்கும் நெளிகுழாய் வளைக்க வசதியானது, ஆனால் அதன் உராய்வு வழவழப்பான குழாயைவிடக் கணிசமாக அதிகம். பம்பின் வாயில் ஒரு இன்ச் இணைப்புதான் இருக்கிறது என்பதற்காக முழு நீளத்துக்கும் ஒரு இன்ச் போட வேண்டியதில்லை. இணைப்பை ஒட்டியே ரெட்யூசர் வைத்து ஒன்றரை இன்ச்சுக்கு மாறிவிடலாம்.

பம்பின் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 6,000 லிட்டர், ஹெட் 2 மீட்டர் என்று போட்டிருந்தால் 2 மீட்டர் உயரத்தில் 6,000 லிட்டர் வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. முதல் எண் உயரமே இல்லாதபோது வரும் நீர். இரண்டாவது எண், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது என்ற உயரம். இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே பம்பின் செயல்பாடு ஒரு வளைகோடாக இறங்குகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அந்தக் கோட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ வரைந்து தருவார்கள். 6,000 லிட்டர் என்று எழுதிய இரு பம்புகளில் ஒன்றின் உச்ச ஹெட் 2 மீட்டர், மற்றதன் உச்ச ஹெட் 4 மீட்டர் என்றால், 1.5 மீட்டர் உயரத்தில் முதல் பம்பு பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் தரும். இரண்டாவது பம்பு மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றித் தரும். கூலருக்கென்று விற்கும் சிறு பம்புகள் குளத்து அருவியில் தோற்பதும் இங்கேதான்: உச்ச ஹெட் இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கும் பம்பு ஒரு மீட்டருக்கு மேல் தூக்கும்போது வெறும் ஒழுக்காகிவிடுகிறது.

மேலே பார்த்த குளத்துக்கு இப்போது பம்பைத் தேர்ந்துவிடலாம். வேண்டியது 1.4 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 4,500 லிட்டர். வலையில் பாசியும் சருகும் அடையும், குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படிவு சேரும், இம்பெல்லர் தேயும். இவற்றுக்காக 20 விழுக்காடு கூட்டினால் 5,400 லிட்டர். ஆகவே வளைகோட்டில் 1.5 மீட்டருக்கு நேரே 5,400 லிட்டர் காட்டும் பம்பு. உச்ச ஹெட் 3 மீட்டரும் உச்ச நீரளவு 8,000 லிட்டருமாக உள்ள பம்பு ஏறத்தாழ இந்த இடத்தில் வந்து நிற்கும். இந்த நீரை இந்த உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் வெறும் 22 வாட்தான். சிறிய பம்புகள் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நீருக்குக் கொடுப்பதில்லை என்பதால் மின்சாரம் 70 முதல் 100 வாட் வரை ஆகும். ஒரே நீரளவுக்கு இரு பம்புகள் கிடைத்தால் வாட் குறைந்ததையே எடுக்க வேண்டும், விலை சற்றுக் கூடினாலும்.

சற்றுப் பெரிதாகப் போனதால் கெடுதல் இல்லை. டெலிவரி பக்கத்தில் ஒரு வால்வு வைத்துத் திருகினால் நீர் குறையும். அல்லது டீ போட்டு ஒரு பங்கைக் குளத்துக்கே திருப்பலாம். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது, பம்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி இம்பெல்லரை அரிக்கும். மிகப் பெரிதாகப் போவது வேறு கதை. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அரை எச்.பி. மோனோபிளாக்கை அருவிக்குப் போடுவது வழக்கத்தில் இருக்கிறது. அரை எச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் 373 வாட். மீட்டரில் ஏறுவது 600 வாட்டை ஒட்டி இருக்கும். அதிக உயரத்துக்கென்று செய்த இத்தகைய மோட்டார் உயரமே இல்லாமல் ஓடும்போது வடிவமைப்பைவிட அதிக நீரைத் தள்ள முயன்று சூடேறவும் செய்யும்.

மின்கணக்கு இங்கே தள்ளிவைக்கக் கூடியதல்ல, ஏனென்றால் மீன் உள்ள குளத்தில் பம்பு இரவிலும் ஓட வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசியும் செடிகளும் ஆக்சிஜன் தருகின்றன, இருட்டியதும் அவையும் சேர்ந்து சுவாசிக்கின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதும், சில சமயம் செத்து மிதப்பதும் பெரும்பாலும் இதனால்தான். 80 வாட் பம்பு இடைவிடாமல் ஓடினால் நாளைக்கு 1.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 முதல் தரப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரத்தை இந்த ஒரு பம்பே முடித்துவிடும். அரை எச்.பி. மோட்டாரானால் அதே காலத்தில் 860 யூனிட்டைத் தாண்டும். மீனும் வேண்டும், கனமான அருவியும் வேண்டும் என்பவர்களுக்கு இரு பம்புகள் சிறந்தவை: எப்போதும் ஓடும் 20, 30 வாட் பம்பு ஒன்று, மாலையில் மட்டும் போடும் பெரியது ஒன்று.

பெரிய பம்பைப் போட்டதும் குளத்தின் நீர்மட்டம் இறங்குவதையும் எதிர்பார்க்க வேண்டும். அருவிக்கு மேலே 3 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஓடை இருந்து, அதில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் 60 லிட்டர் எப்போதும் ஓடையிலேயே இருக்கும். 5 சதுர மீட்டர் பரப்புள்ள குளத்தில் அது 1.2 செ.மீ. இறக்கம், கவலைப்பட ஏதுமில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு தொட்டியில் நீண்ட ஓடை வைத்தால் பம்பே வெளியே தெரியும் அளவுக்கு மட்டம் இறங்கலாம். கரண்ட் போனதும் அந்த நீர் முழுவதும் குளத்துக்குத் திரும்பும். அதற்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பிய குளம் வழியும். குழாயின் வாய் மேல்தொட்டி நீருக்குள் மூழ்கி இருந்தால் சைபன் விளைவால் மேல்தொட்டி நீரும் பம்பு வழியே இறங்கிவிடும், வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தால் இது நேராது.

பம்பை அருவிக்கு எதிர்க்கோடியில் வைத்தால் குளம் முழுவதும் நீர் நகரும். அடியில் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் பம்பை உட்கார வைப்பது இரு வகையில் நல்லது: சேற்றை உறிஞ்சாது; குழாய் எங்காவது பிடுங்கிக்கொண்டு தண்ணீர் வெளியே போனாலும் செங்கல் உயரத்துக்குத் தண்ணீர் மிஞ்சும், மீன் பிழைக்கும். நீருக்குள் 230 வோல்ட் பம்பு ஓடுவதால் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். குளத்துக்குள் கை விடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். எல்லாம் பொருத்தி முடிந்ததும் வாளியை விளிம்புக்கு நேரே பிடித்து ஒருமுறை அளந்து, வந்த எண்ணைச் சுவிட்சுப் பெட்டியின் உட்பக்கம் எழுதி வைத்தால், சில மாதம் கழித்து அருவி மெலிந்ததாகத் தோன்றும்போது மறுபடி அளந்து ஒப்பிடலாம். எண் குறைந்திருந்தால் முதலில் கழுவ வேண்டியது பம்பின் வலை.